என் வாயால் சொன்ன பிரமாணம்

பதுளைக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பாதிரியார் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, விசுவாசப் பிரமாணத்தக் கொஞ்சம் மெதுவா சொல்லலாமே? எல்லாரும் சேந்து சொல்றப்ப ஒங்க சத்தம் மட்டும் தனியாக் கேக்குது" என்றார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். "கேக்கட்டுமே சாமி" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிரமாணம் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் சில வரிகள் அவை. பிதாவை நம்புகிறேன், அவருடைய குமாரனை நம்புகிறேன், அவர் பிறந்தார், பாடுபட்டார், செத்தார், புதைக்கப்பட்டார், எழுந்தார், ஆவியானவரை நம்புகிறேன், கடைசியில் செத்தவர்கள் உடம்போடு எழுந்திருப்பார்கள் என்றும் நம்புகிறேன். அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். மத்தியானச் சோறு ஆறிப்போகும் என்ற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னால் முடியாது. அந்த வரிகளை என் வாயால் சொல்வதற்காக நான் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்து மேய்க்கும் ஒரு கங்காணியோடு மோதியிருக்கிறேன். குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவை இழந்திருக்கிறேன். அதனால் சத்தத்தைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே வருகிறார்கள். நாங்கள் வந்த காலத்தில் நடைதான். பஞ்சத்தில் அப்பனும் ஆத்தாளும் போன பிறகு, அக்காளும் நானும் திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பினோம். எங்களை அழைத்துவந்த கங்காணி ஊர் முறையில் எங்களுக்கு மாமன். தலைப்பாகையும் கோட்டும் குடையுமாக ஊருக்குள் வந்து, கண்டிச் சீமையில் தேயிலைக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைப்பதாகச் சொன்னார். நம்பவில்லை. ஆனாலும் பசித்தது, வந்தோம். தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளையை நோக்கி நடந்தோம்.

அக்காள் முன்னால் நடப்பாள். அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன். தலை நிமிர்ந்தால் காடு பயமுறுத்தும் என்று அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடப்பேன். அவளுடைய இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அந்தக் கோணல் விரலைப் பார்த்துக்கொண்டேதான் நான் இந்த நாட்டுக்குள் வந்தேன்.

மாத்தளைக்கு வடக்கே ஓரிடத்தில் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வழிநெடுக அந்த நோயில் விழுந்தவர்களைப் பார்த்திருந்தோம், அதனால் யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கங்காணி ஒரு மரத்தடியில் அவளைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தார். "பின்னால வர்ற கூட்டத்தோட வந்துருவா. நடங்க" என்றார். நான் நகரவில்லை. இரண்டு ஆட்கள் என் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காளுக்கு அப்போது நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "போ புள்ள" என்றாள். அவளுக்கு உயிர் இருந்தது. இதை நான் எங்கே சொன்னாலும் அழுத்தித்தான் சொல்கிறேன், உயிர் இருந்தது.

பதுளைக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். பெரட்டு என்றால் தினமும் விடியும்போது வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கங்காணியும் தன் கூட்டத்துக்கு முன்னால் நிற்பார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ கணக்கப்பிள்ளையோ என்ன கேட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிள்ளைப்பேறு, யார் ஓடிப்போனார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நமக்குத் தலைவலி என்றால்கூட அவர்தான் சொல்வார். நாம் நேராகத் துரையிடம் வாயைத் திறந்தால், கங்காணியை முகத்தில் அடித்த மாதிரி.

துரை குதிரையிலிருந்து இறங்காமலே, "வழியில யாரும் செத்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லீங்க தொரை. எல்லாரும் சொகமா வந்து சேந்துட்டோமுங்க" என்றார் கங்காணி.

அந்த 'எல்லாரும்' என்பதில் நானும் இருந்தேன். அக்காள் இல்லை. ஊரில் அவள் பிறக்கவேயில்லை, முந்தானையை என் கையில் கொடுக்கவேயில்லை என்பது போல ஆகிவிட்டது. நான் அன்று வாய் திறக்கவில்லை. அது என் குற்றம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு மனிதன் வாய்க்குள் ஒரு கூட்டத்தின் வாயையே பூட்டி வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யாரோ, குற்றம் அவர்களுடையது.

சில வருஷங்கள் தேயிலைக் கொழுந்து பறித்தேன். பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஓர் உபதேசியார் வர ஆரம்பித்தார். பாதிரியாருக்கு முன்னால் வந்து சனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஆள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். சாயங்காலங்களில், எங்கள் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கோடியில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பிரமாணத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் நான் போனது வேடிக்கை பார்க்க. கடைசி வரியைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். உடம்பு எழுந்திருக்கும் என்றாரே, அதற்காக.

மறுநாள் போய் நேராகக் கேட்டேன். "உபதேசியாரே, நரி தின்ன ஒடம்பும் எந்திரிக்குமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆதியிலயே இதக் கேட்டிருக்காக தாயீ" என்றார். ஆதித் திருச்சபையில் சிங்கத்துக்குப் போட்டுக் கொல்லப்பட்டவர்கள் உண்டாம், கடலில் செத்து மீனுக்கு இரையானவர்கள் உண்டாம். அவர்களுடைய சொந்தக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டார்களாம். ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு தடவை செய்தவருக்கு மறு தடவை செய்யத் தெரியாதா என்பதுதான் அன்று சொன்ன பதிலாம். அந்தப் பதில் எனக்குப் போதுமா போதாதா என்பது வேறு விஷயம். எனக்கு முன்னால் யாரோ இதைக் கேட்டிருக்கிறார்கள் என்பதிலேயே ஒரு தெம்பு வந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் போனேன்.

அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது, இந்த வரிகள் பிறந்த கதைதான். பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஆளுக்கொரு வரி சொல்லிச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உபதேசியாரே அதை அரை மனதோடுதான் சொன்னார். எனக்கும் அது ஆளுக்கொரு கை அரிசி போட்டுப் பொங்கல் வைத்த கதை மாதிரிதான் பட்டது. மற்றொன்றை அவர் கண்ணில் வெளிச்சத்தோடு சொன்னார். ஆதியில் ஞானஸ்நானத்துக்கு வருகிறவனைத் தண்ணீருக்குள் நிறுத்திக் கேள்வி கேட்பார்களாம். பிதாவை விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன். ஒரு முழுக்கு. குமாரனை விசுவாசிக்கிறாயா? இன்னொரு முழுக்கு. ஆவியானவரை? மறுபடியும். நாளடைவில் கேள்விகள் உதிர்ந்துபோய்ப் பதில்கள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து பிரமாணமாக நின்றுவிட்டனவாம். ஆக, நாம் ஞாயிற்றுக்கிழமை சொல்வது பாட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. யாரோ ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்ன பதில்.

அதை எழுதியும் கொடுக்கமாட்டார்களாம். அது ஆபத்தான காலம். பிடித்தால் கொன்றுவிடுவார்கள். அதனால் தலைவர் வாயால் சொல்லிக்கொடுப்பார், கேட்டவன் நெஞ்சில் வைத்துக்கொள்வான், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன்னால் சபையின் முன் நின்று வாயாலேயே திருப்பிக் கொடுப்பான். அடிமையும் அப்படித்தான் நின்றானாம், அடிமையின் எஜமானும் அப்படித்தான். உபதேசியார் இதைச் சொன்னபோது நான் எங்கள் பெரட்டுக்களத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்திலேயே படித்த சிலர், உடம்பு ஓர் அழுக்கு மூட்டை, கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கிறிஸ்து உடம்போடு வரவேயில்லை, வந்த மாதிரி தெரிந்தது என்றெல்லாம் போதித்தார்களாம். அவர்களோடு மல்லுக்கு நின்றுதான் பிறந்தார், பாடுபட்டார், செத்தார், புதைக்கப்பட்டார் என்று ஒவ்வொன்றாக அடித்துச் சொன்னார்கள். தீர்ப்புச் சொன்ன தேசாதிபதியின் பெயரைக்கூட விடாமல் பிரமாணத்துக்குள் வைத்தார்கள். எந்தத் துரையின் காலத்தில் இந்த உடம்பு வதைபட்டது என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காக என்று நான் எடுத்துக்கொண்டேன். அமைதியான ஆட்கள் செய்த வேலை இல்லை இது. வரிக்கு வரி சண்டை இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பிறகு ராஜாவே கிறிஸ்தவர் பக்கம் வந்துவிட்டார். குமாரன் பிதாவுக்குச் சமமா, ஒரு படி தாழ்ந்தவரா என்று பெரிய தகராறு. ராஜா நிசேயா என்ற ஊருக்கு ஆயர்களை எல்லாம் வரவழைத்து, சமம்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். போட மறுத்தவர்களை நாடு கடத்தினார்களாம். முடிவு சரியான முடிவுதான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அது ராஜா வைத்த பெரட்டு. தண்ணீரில் நின்று சொன்ன சின்னப் பிரமாணத்தின் மேல்தான் எனக்கு இன்றைக்கும் பிரியம்.

இப்படி நான் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது, அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ரகளை நடந்தது. தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் முதல் மரியாதை எங்கள் கங்காணிக்குக் கிடைக்கும் என்று இருந்தது. தோட்டத்துக் கங்காணிகளுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய கங்காணி அதைத் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆள் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு கோயிலை விட்டு வந்தார். அடுத்த வாரம் உபதேசியாரிடம் போய், "எங் கூட்டம் மொத்தமும் வேதத்துக்கு வருது. பாதிரியார வரச் சொல்லுங்க" என்றார். கூட்டத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்பதை எப்படித் தெரிந்துகொண்டோமோ, எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

உபதேசியார் பாவம், மனம் குளிர்ந்துபோனார். தனித்தனியாக நாலு பேருக்காக வருஷக்கணக்கில் தொண்டை வறண்டவருக்கு ஒரு கூட்டமே கிடைத்தால் சும்மாவா? பாதிரியார் வருவதற்கு முன்னால் ஒத்திகை வைத்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து நின்று, "பிதாவை விசுவாசிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

 எல்லோரும் கங்காணியின் முதுகைப் பார்த்தோம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாங்க. எல்லாம் விசுவாசிக்குதுங்க" என்றார். எல்லாம் வேலைக்கு வந்திருக்குதுங்க என்று காலையில் சொல்வாரே, அதே குரல்.

"அப்படி இல்ல கங்காணியாரே, அவகவக சொல்லணும்" என்றார் உபதேசியார்.

கங்காணிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "எங் கூட்டத்துக்கு நாந்தானே பதில் சொல்லணும்? பெரட்டுல யாரு சொல்றா?" என்றார். சனங்களும் தலையை ஆட்டினார்கள். பயத்தினால் இல்லை. கங்காணி இருக்கும்போது நாம் பேசினால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். உபதேசியார் இரண்டு தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஜெபம் பண்ணும் கொட்டகைக்கு இடம் வாங்கித் தந்தவர் கங்காணிதான்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. மறுநாள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது உபதேசியாரை வழிமறித்தேன்.

"எனக்காக அவரு சொல்லக் கூடாதுங்க."

"பொறுத்துக்க தாயீ. தண்ணி ஒந் தலையிலதான விழப்போவுது?"

"தண்ணி எந் தலையில, வாயி அவரு மூஞ்சியிலயா?"

 "பாதிரியாரு மாசத்துக்கு ஒருக்கா வர்ற மனுசரு. கங்காணி கோவிச்சுக்கிட்டா கொட்டகையும் போயிரும், ஆளும் போயிரும். நீ ஒருத்தி" என்றார். நீ ஒருத்தி என்று சொன்னதுதான் என்னைச் சுட்டது. ஒருத்தியைத்தான் மரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம்.

அன்று ராத்திரி எனக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. நாளைக்குப் பாதிரியார் வந்து ஓடையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது கங்காணி எனக்குப் பதிலாகக் கடைசி வரியைச் சொல்லப்போகிறார். அக்காளை விட்டுவிட்டு வந்த வாய், யாரும் சாகவில்லை என்று சொன்ன வாய், அவள் எழுந்திருப்பாள் என்றும் என் பேரில் சொல்லப்போகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நான் தலையை நீட்டினால், பெரட்டுக்களத்தில் சொன்ன பொய்க்கு நானே கைநாட்டு வைத்த மாதிரி. விரோதித்துக்கொண்டால் அவர் என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளிவிடுவார். காம்பராவும் போகும், வேலையும் போகும். போகட்டும் என்று முடிவு பண்ணினேன்.

மார்கழி மழை கொஞ்சம் விட்டிருந்த நாள். லயத்துக்குக் கீழே ஓடையில் தண்ணீர் கலங்கி, கணுக்காலை விறைக்க வைக்கும் குளிரோடு ஓடியது. பதுளையிலிருந்து குதிரையில் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் அங்கியை நனைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். புத்தகத்துத் தமிழைத் தடுமாறாமல் பேசுவார். கோபக்காரர் என்று பேர். கூட்டம் முழுவதும் கரையில் நின்றது. கங்காணி முன்னால், கோட்டோடும் குடையோடும்.

பாதிரியார் புத்தகத்தைப் பிரித்து முதல் கேள்வியைக் கேட்டார். கங்காணி, "ஆமாங்க சாமி, எல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சாமி, எனக்கு நானே சொல்லிக்கிறேங்க" என்றேன்.

ஓடைச் சத்தத்தையும் மீறி அது கேட்டிருக்க வேண்டும். கங்காணி திரும்பி, "ஏ புள்ள, வாய மூடு!" என்றார்.

பாதிரியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னிடம் பொறுமையாகவே பேசினார். "இவர் உங்கள் எல்லாருக்கும் தலைவர். வீட்டுத் தலைவன் விசுவாசித்து, வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வேதத்தில் உண்டு. இதில் உனக்கு என்ன தடை?"

வேதத்தில் அப்படி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதற்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "சாமி, இவரு எங்களுக்காக முன்ன ஒரு தடவ பதில் சொன்னாருங்க. வழியில ஒருத்தரும் சாகலைன்னு தொரைகிட்டச் சொன்னாரு. எங்கக்காவ மாத்தளைக்கு அந்தாண்ட காட்டுல உசிரோட போட்டுட்டு வந்து சொன்னாரு. நாங்க எல்லாரும் நின்னு கேட்டோம். அதே வாயால எங்கக்கா ஒடம்பு எந்திரிக்கும்னு இவரு சொல்ல வேணாங்க. அத நான் சொல்லணும்."

 

பாதிரியார் கங்காணியைப் பார்த்தார். "இது உண்மையா?"

 எங்களில் யார் எப்போது எங்கே என்பதற்கெல்லாம் வாயில் பதில் வைத்திருந்த மனிதர், குடைக் கம்பை மண்ணில் குத்திக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நெசந்தாங்க சாமி" என்றது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு ஒரு குடம் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது.

 பாதிரியார் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "ஒவ்வொருவராக வாருங்கள். நீ முதலில் வா" என்றார்.

இறங்கினேன். கேட்டார், சொன்னேன். தண்ணீர் ஊற்றினார். கேட்டார், சொன்னேன். கடைசியில், செத்தவர்கள் உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். "விசுவாசிக்கிறேன் சாமி. அந்தக் கோண விரலோட" என்றேன். எந்த விரல் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மூன்றாம் தடவை தண்ணீர் ஊற்றும்போது அவர் கை என் தலைமேல் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருந்தது.

எனக்குப் பிறகு ஒரு பெரியவர் வந்தார். தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்குக் கதிர்காமத்து முருகன் போதுமுங்க. கங்காணி சொன்னாருன்னு வந்தேன். கேட்டீங்க, சொல்லிப்புட்டேன்" என்றார். பாதிரியாருடைய முகம் சிவந்தது. ஆனால், "உண்மையைச் சொன்னாய். போய் வா" என்றுதான் சொன்னார். அந்தப் பெரியவர் லயத்துக்குப் படியேறிப் போனதை என்னால் மறக்க முடியாது. இல்லை என்று சொல்ல இடம் கொடுக்காத கேள்வியை யாரும் கேள்வி என்று சொல்லக் கூடாது. அதை அவர்தான் எனக்குக் காட்டினார். அடுத்தவள் ஒருத்தி, "எனக்கு இன்னும் வெளங்கலீங்க சாமி, அடுத்த மாசம் சொல்றேன்" என்றாள். அவளையும் அனுப்பினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் கத்தினார்கள். கட்டிக்கொண்ட புருஷன்கூட அதுவரை கேட்டிராத குரலில் ஒரு பெண் தெளிவாகப் பதில் சொன்னாள்.

கடைசியில் கங்காணி மட்டும் மிஞ்சினார்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றி, குடையைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு, கோட்டோடு தண்ணீரில் இறங்கினார். பிதாவைப் பற்றிக் கேட்டதற்கு அந்தப் பழைய குரலில் உரக்கச் சொன்னார். குமாரனைப் பற்றிக் கேட்டதற்கும் சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆவியானவர், சபை, பாவமன்னிப்பு எல்லாவற்றுக்கும் அவசரமாக ஆமாம் ஆமாம் என்றார். பாதிரியார் கடைசி வரிக்கு வந்தார். செத்தவர்கள் உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று விசுவாசிக்கிறாயா?

கங்காணி வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்க்கவில்லை. ஓடைக்கு மேலே காட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கி வரும், அதைப் பார்த்தார். அதில் யாரோ நடந்து வருவதைப் பார்க்கிற கண்ணாக இருந்தது. பாதிரியார் மறுபடியும் கேட்டார். அவர் முடியாது என்பது போலத் தலையை அசைத்துவிட்டுத் தண்ணீரிலிருந்து ஏறினார். குடையை எடுத்துக்கொண்டார், செருப்பை மறந்துவிட்டார். ஈரக் கோட்டோடு லயத்துப் பக்கம் நடந்து போனார்.

அன்று சாயங்காலமே என் பாயும் சட்டியும் காம்பராவுக்கு வெளியே கிடந்தன. எடுத்துக்கொண்டு லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நடந்தேன். உபதேசியார் பாதி வழி வரைக்கும் துணைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தார் என்று தெரியும். கேட்கவிடாமல் வேறு ஏதோ பேசிக்கொண்டே நடந்தேன். புதுத் தோட்டத்தில் பெரட்டில் நின்றபோது, அங்கிருந்த கங்காணி என்னைப் பற்றிக் கணக்கப்பிள்ளைக்குச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அங்கே எனக்கு வாயாடி என்று பேர் வந்தது. அந்தப் பேரோடுதான் கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், எழுத்துப் படித்தேன், பதுளைக்கும் வந்து சேர்ந்தேன்.

கங்காணி சாகிற வரைக்கும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அம்மன் கோயிலுக்கும் திரும்பிப் போகவில்லை. கடைசியில் அவருக்கு விசுவாசம் இல்லாமல் போய்விட்டது என்று எங்கள் சபையில் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். அவர்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்று அந்த ஓடையில் இறங்கியவர்களில் கடைசி வரியை முழுக்க நம்பியவர் அவர்தான். நம்பாதவனுக்கு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை ஊரே சொல்கிறதே. அவள் எழுந்திருப்பாள், எழுந்து நேராகத் தன்னிடம் வருவாள், வந்து கேட்பாள் என்று தெரிந்த ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியாமல் போகும்.

அவரால் முடியாததை நான் சொன்னேன். வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இளம் பாதிரியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுச் சொல்லட்டும். சத்தமாகத்தான் சொல்லுவேன். மாத்தளைக்கு வடக்கே அக்காள் கிடக்கும் அந்தக் காடு இங்கிருந்து வெகு தூரம்.